சளிதானே என்று காத்திருக்கலாமா? மூச்சுத் தொற்றும் தாமதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருமலும் காய்ச்சலுமாக ஒருவர் படுத்திருக்கும் வீட்டில் எல்லார் மனதிலும் ஓடுவது ஒரே கேள்வி: இப்போதே போவதா, விடியட்டும் என்று பார்ப்பதா? பெரும்பாலும் விடியும்வரை பொறுத்தால் ஒன்றும் ஆகாது. ஒரு சிலருக்கு மட்டும் அந்த ஓர் இரவில் எல்லாமே மாறிவிடுகிறது. அந்தச் சிலரை நேரத்தோடு அடையாளம் காணத்தான் இந்தப் பக்கம். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: நாம் காய்ச்சலைப் பார்க்கிறோம், மூச்சைப் பார்ப்பதில்லை. தாமதம் அங்கேதான் தொடங்குகிறது.

அரை நாள் தள்ளிப்போவதால் நுரையீரலுக்குள் அப்படி என்ன நடந்துவிடும்?

நுரையீரலில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப்பைகள் இருக்கின்றன. மூச்சில் இழுத்த ஆக்சிஜன் ரத்தத்துக்குள் இறங்குவது அங்கேதான். நிமோனியாவில் இந்தப் பைகளுக்குள் சீழும் நீரும் சேர்கின்றன. நிரம்பிய பைக்குள் காற்று போகாது. அதைச் சுற்றி ஓடும் ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே திரும்பிப் போகும்.

உடம்பு உடனே தோற்றுவிடுவதில்லை. மூச்சை வேகப்படுத்தும், இதயத்தை விரட்டும், விலா இடுக்குத் தசைகளையும் கழுத்துத் தசைகளையும் துணைக்கு இழுத்துக்கொள்ளும். இப்படிச் சமாளித்துக்கொண்டிருக்கும்போது நோயாளி பேசுவார், தண்ணீர் கேட்பார், "பரவாயில்லை" என்பார். பார்க்கிறவர்களுக்கும் பரவாயில்லை என்றுதான் தெரியும். அந்தத் தசைகள் களைக்கும்போது நிலைமை படிப்படியாக இறங்காது, சரியும்.

இதில் ரத்தத்தின் இயல்புக்கும் பங்குண்டு. நுரையீரலில் ஆக்சிஜன் ஓரளவு குறைந்தாலும் ஹீமோகுளோபின் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வதால், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். 90க்குக் கீழே போய்விட்டால், அதன்பின் சிறிய குறைவுக்கும் அளவு மளமளவென்று விழும். முந்தைய நாள் முழுக்க மெதுவாக நடந்த சரிவு கடைசி சில மணி நேரத்தில் வேகமெடுப்பது இதனால்தான்.

இன்னொரு வழியும் உண்டு. தொற்று நுரையீரலோடு நிற்காமல் உடம்பு முழுவதையும் பாதித்தால், அந்த ஆபத்தான நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் வேலையை நிறுத்தும், மூளை குழம்பும். நோய் ஒரு படி ஏறும்போது தேவைப்படும் சிகிச்சையும் ஒரு படி பெரிதாகிறது. முதலில் வாய்வழி மாத்திரை போதும். அப்புறம் ஊசி மருந்தும் ஆக்சிஜனும் வேண்டும். அதையும் தாண்டினால் வென்டிலேட்டர். தாமதிக்கத் தாமதிக்க எளிய சிகிச்சைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போகின்றன.

அப்படியானால் ஒவ்வொரு சளிக்கும் மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா?

வேண்டாம். சளியும் இருமலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை, தானே போய்விடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுத்தடிப்பதும் சாதாரணம். இவற்றுக்கு ஆண்டிபயாடிக் உதவாது. தேவையில்லாமல் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதுதான் மிச்சம்.

"எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்பது அவசியமான கேள்விதான், ஆனால் அதைவிட முக்கியமானது "மூச்சு எப்படி இருக்கிறது?" என்பது. மூன்று நாள் காய்ச்சலோடு ஓடியாடும் குழந்தை வீட்டில் இருக்கலாம். நேற்று மாலை தொடங்கிய இருமலோடு இன்று விலா உள்ளே இழுக்க மூச்சு வாங்கும் குழந்தை இருக்கக் கூடாது.

குழந்தைக்கு மூச்சு வாங்குகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எண்ண வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பும் எக்ஸ்ரேயும் இல்லாத இடத்தில் நிமோனியாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று 1980களில் பப்புவா நியூகினியில் ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். மூச்சின் வேகத்தை எண்ணுவதும் நெஞ்சு உள்ளிழுப்பதைக் கவனிப்பதும் அதற்குப் பெரிதும் உதவும் என்று அவர்கள் காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் அந்த வழியில் வளர்ந்ததுதான். வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள அறிவு வேறில்லை என்பது என் கருத்து. மூச்சு அளவுக்கு மீறி வேகமாகிவிட்டது என்று காட்டும் எல்லைகள் இவை:

இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்.
இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல்.
ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது, தூங்கும்போது என்றாலும் சரி, சட்டையைத் தூக்கிவிட்டு வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். குழந்தைகளின் மூச்சு சீராக ஓடாது, கணக்குத் தவறும். எண்ணிக்கை எல்லையைத் தாண்டியிருந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். இரண்டாவது முறையும் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகளும் உண்டு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி குழிந்து உள்ளே போவது. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது. அமைதியாக இருக்கும்போதே மூச்சில் கரகரவென்று சத்தம் வருவது. பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமல் போவது. குடித்த எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது. வலிப்பு. எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கநிலைத் தூக்கம். உதடும் நாக்கும் நீலம் பாய்வது. இவற்றில் ஒன்று போதும். நீலம் பாய்வது கடைசியாக வரும் அறிகுறி, அது வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

கைக்குழந்தைக்கும் இதே விதிதானா?

இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காத்திருப்பு என்ற பேச்சே வேண்டாம். உடம்பு சுட்டாலும், சில்லிட்டுப் போனாலும், பால் குடிப்பது குறைந்தாலும் உடனே காட்டுங்கள். இந்த வயதில் கக்குவான் இருமல் வந்தால் அதற்கே உரிய அந்த நீண்ட ஊளைச் சத்தம் கேட்காமலே போகலாம். மூச்சு நின்று நின்று வருவதுதான் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

வயதானவர்களிடம் எதைப் பார்ப்பது?

முதியவர்களுக்கு நிமோனியா வந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம், இருமலும் பெரிதாக இருக்காது. திடீரென்று பேச்சு தடுமாறும், நாள் கிழமை குழம்பும், சாப்பாடு வேண்டாமென்பார், நேற்றுவரை நடந்தவர் இன்று தடுக்கி விழுவார். "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் தாமதம் இதுதான். நோய் இருப்பதே யாருக்கும் தெரியாமல் நாட்கள் போகின்றன.

பெரியவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருப்பது இயல்பு. 30ஐத் தொட்டால் ஆபத்து. நிமோனியாவின் கடுமையை மதிப்பிட மருத்துவர்கள் பயன்படுத்தும் 'கர்ப் 65' என்ற அளவுகோலில் பார்ப்பது ஐந்தே விஷயங்கள்: மனக்குழப்பம், ரத்தத்தில் யூரியா, 30ஐ எட்டிய மூச்சு வேகம், குறைந்த ரத்த அழுத்தம், 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயது. இதில் மூன்றை வீட்டில் இருக்கும் யாராலும் கவனிக்க முடியும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியாமல் நடுவே நிறுத்தி மூச்சு வாங்கினால், அதற்குமேல் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

காய்ச்சல் இறங்கிவிட்டது. இனி பயமில்லைதானே?

பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கும், நுரையீரலில் உள்ள கிருமியை அது தொடாது. காய்ச்சல் இறங்கிய பிறகு ஒரு முறை மூச்சை எண்ணுங்கள். காய்ச்சலே மூச்சைக் கொஞ்சம் வேகப்படுத்தும் என்பதால் அது இறங்கிய பிறகும் வேகம் குறையவில்லை என்றால் அது முக்கியமான தகவல்.

இன்னும் இரண்டு பொறிகளைச் சொல்ல வேண்டும். இன்ஃப்ளூயன்சாவில் உடம்பு தேறி வருவதுபோல் இருந்து, சில நாளில் மறுபடி காய்ச்சலும் நெஞ்சுவலியும் சளியும் வந்தால், வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியா குடியேறியிருக்கக்கூடும். கோவிட்டில் முதல் வாரம் சாதாரணமாகப் போய், ஏழு முதல் பத்து நாளுக்குள் மூச்சுத் திணறல் தொடங்கியவர்கள் ஏராளம். "ஒரு வாரம் தாண்டிவிட்டோம்" என்ற நிம்மதியில் அவர்கள் கவனிப்பைத் தளர்த்தியிருப்பார்கள். கைக்குழந்தைகளுக்கு வரும் பிராங்கியோலைட்டிஸும் (நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்களில் வரும் தொற்று) பொதுவாக மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரைதான் உச்சத்தில் இருக்கும். முதல் நாளின் நிலையை வைத்து அதை எடைபோட முடியாது.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் உதவுமா?

நன்றாகவே உதவும். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை அது சதவீதத்தில் காட்டும். மூச்சுத் திணறல் தெரியாமலே ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்குவதைக் கோவிட் காலத்தில் உலகமே பார்த்தது. 95ம் அதற்கு மேலும் இயல்பு. 94ம் அதற்குக் கீழும் வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். 90க்குக் கீழே அவசரம். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த எல்லைகள் மாறும். அவர்கள் தங்களுக்கு எந்த எண் இயல்பு என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கை குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும், விரல் அசைந்தாலும் எண் தவறலாம். கருமையான தோல் உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று 2020இல் வெளியான ஆய்வு கவனத்துக்குக் கொண்டுவந்தது. எனவே எண் 95 என்று காட்டினாலும் ஆள் திணறினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

தாமதத்தால் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு குறைகிறது? கணக்கு ஏதாவது உண்டா?

ஒரே எண்ணில் சொல்லிவிட முடியாது. நோய்க்கு நோய், கட்டத்துக்குக் கட்டம் கணக்கு மாறும்.

மிகக் கறாரான கணக்கு செப்டிக் அதிர்ச்சிநிலையில் கிடைக்கிறது. தொற்று முற்றி ரத்த அழுத்தம் விழுந்துவிட்ட நிலை அது, அதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று நுரையீரல் தொற்று. ஆனந்த் குமாரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ரத்த அழுத்தம் விழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் பொருத்தமான ஆண்டிபயாடிக் கிடைத்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதன்பின் முதல் ஆறு மணி நேரத்தில் ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் பிழைப்போர் விகிதம் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் இந்த வேகம் இவ்வளவு கூர்மையாக இல்லை, ஆனாலும் திசை மாறவில்லை.

இன்ஃப்ளூயன்சாவில் ஓசெல்டாமிவிர் மருந்து, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். வைரஸ் பெருகுவதை அது தடுக்கிறது. பெருகி முடித்த பிறகு தடுக்க அதிகம் மிச்சமிருக்காது. (மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கு அதற்குப் பிறகும் கொடுக்கிறார்கள்.) தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியாவில் இன்னும் தெளிவாகத் தெரியும். அதன் நச்சுமுறி மருந்து ரத்தத்தில் மிதக்கும் நஞ்சை மட்டுமே முறிக்கும். இதயத் தசையிலும் நரம்பிலும் ஒட்டிக்கொண்ட நஞ்சை அதனால் தொடவே முடியாது. அதனால்தான் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல், சந்தேகம் வந்தவுடனே அதைக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு பழைய ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 1964இல் ராபர்ட் ஆஸ்ட்ரியனும் ஜெரோம் கோல்டும், நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா ரத்தத்தில் கலந்த நோயாளிகளை ஆராய்ந்தார்கள். பென்சிலின் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியிருந்தது. ஆனால் நோய் தொடங்கி முதல் ஐந்து நாளுக்குள் நேர்ந்த சாவுகளைப் பார்த்தால், பென்சிலின் வந்ததால் பெரிய மாற்றம் இல்லை. சிலருக்கு நோய் மருந்தை முந்திவிடுகிறது. ஆஸ்ட்ரியன் அத்தோடு விட்டுவிடவில்லை. வருமுன் தடுப்பதுதான் அந்தச் சிலருக்கு வழி என்று தடுப்பூசிக்காகப் பல ஆண்டு உழைத்தார், 1977இல் நிமோகாக்கல் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருத்துவமனைக்குச் சீக்கிரம் போவது எல்லாரையும் காப்பாற்றாது என்பதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். நிமோகாக்கஸ், ஹிப் (நிமோனியா உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியா), தட்டம்மை, கக்குவான், இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிகள் அந்த ஓட்டப்பந்தயத்தையே தவிர்க்கின்றன.

உடனே கொண்டுபோனவர் இறந்ததையும் பல நாள் கழித்துப் போனவர் பிழைத்ததையும் பார்த்திருக்கிறேனே?

நீங்கள் பார்த்தது உண்மைதான், ஆய்வுகளிலும் சில சமயம் அப்படித் தெரியும். காரணம் எளிது. நோய் கடுமையாகத் தாக்கியவரை வீட்டில் வைத்திருக்க முடியாது, அன்றே தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். லேசாக வந்தவர்தான் ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டு நடந்து வருவார். இந்த இருவரையும் ஒப்பிட்டால் தாமதமே நல்லது என்ற விபரீத முடிவுக்கு வரலாம். போதாததற்கு, வீட்டிலேயே இறந்தவர் மருத்துவமனைக் கணக்கில் வருவதே இல்லை. அதே மனிதர், அதே கடுமையுள்ள நோயோடு இன்னும் முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பதே சரியான கேள்வி.

தெரிந்தும் ஏன் மக்கள் தாமதிக்கிறார்கள்?

"ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள்?" என்ற அதட்டல் மருத்துவமனைகளில் வழக்கமாகக் கேட்பது. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் பெரும்பாலும் ஒருவருடைய அறியாமை அல்ல. பிரசவ காலச் சாவுகளை ஆராய்ந்த செரீன் தடியஸ், டெபோரா மெய்ன் இருவரும் 1994இல் தாமதத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: போவதென்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நிமோனியாவுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. பக்கத்தில் இருந்து பார்க்கும் தாய்க்குக் கிளம்பச் சொல்லும் உரிமை வீட்டில் இருக்காது. கையில் பணம் இருக்காது. இரவில் வண்டி கிடைக்காது. போன இடத்தில் ஆக்சிஜன் இருக்காது. இத்தனைக்கும் பழியைத் தாய் ஒருத்தியின் தலையில் போடுவது அநியாயம்.

சிகிச்சையை வீட்டருகே கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் குழுவினர் கிராமப் பணியாளர்களுக்கு மூச்சை எண்ணவும் மருந்து கொடுக்கவும் கற்றுத்தந்தார்கள். 1990இல் அவர்கள் வெளியிட்ட முடிவில், அந்தப் பகுதியில் குழந்தைகளின் நிமோனியாச் சாவு 54 சதவீதம் குறைவாக இருந்தது. இத்தகைய பல முயற்சிகளைச் சேர்த்துப் பார்த்த 2003ஆம் ஆண்டு ஆய்விலும் ஐந்து வயதுக்குட்பட்டோரின் நிமோனியாச் சாவு 36 சதவீதம் குறைந்திருந்தது. மூன்றாவது தாமதத்துக்கும் மருந்து இருக்கிறது: பப்புவா நியூகினியில் ஐந்து மருத்துவமனைகளுக்கு ஆக்சிமீட்டரும் ஆக்சிஜன் கருவிகளும் கொடுத்தபோது நிமோனியாவில் இறக்கும் குழந்தைகள் 35 சதவீதம் குறைந்தார்கள் என்று 2008இல் வெளியான ஆய்வு சொன்னது. அப்படியிருந்தும் 2019இல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகளை நிமோனியா கொண்டுபோனது.

போகும்வரை வீட்டில் மிச்சமிருக்கும் ஆண்டிபயாடிக்கையோ ஸ்டீராய்டையோ கொடுக்கலாமா?

கூடாது. மிச்ச மாத்திரை அளவிலும் சரியாக இருக்காது, கிருமிக்கும் பொருந்தாமல் போகலாம். அரைகுறையாக அடங்கிய நோய் ஓரிரு நாள் நம்மை ஏமாற்றும். ஸ்டீராய்டு இன்னும் ஏமாற்றும்: காய்ச்சல் குறைந்து ஆள் தெளிவாகத் தெரிவார். 2020 ஜூனில் முடிவு வெளியான, பிரிட்டனில் நடந்த ரிகவரி ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் சாவை மூன்றில் ஒரு பங்கும் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனே இல்லை. நல்ல மருந்துதான், ஆனால் யாருக்கு, எப்போது என்பதை மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும்.

காசநோயிலும் மணிக்கணக்குத்தானா?

இல்லை, அங்கே வாரக்கணக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். சிகிச்சையே இல்லாமல் விட்டால் காசநோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் இறந்துவிடுவார்கள். தாமதமான ஒவ்வொரு வாரமும் கூட வசிப்பவர்களுக்கும் தொற்றிக்கொண்டிருக்கும்.

ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. இனிப் போய்ப் பயனுண்டா?

உண்டு. ஆக்சிஜன் கிடைத்த நிமிடத்திலிருந்தே உடம்பின் சுமை குறையத் தொடங்கும். திட்டுவார்களே என்ற கூச்சத்தில் இன்னும் ஒரு மணி நேரத்தை இழக்காதீர்கள். நாட்களைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம். எப்போது தொடங்கியது, மூச்சு எப்போதிலிருந்து வேகமானது, என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

வழியில் நோயாளியை மல்லாக்கப் படுக்க வைக்காமல் சாய்ந்து உட்கார விடுங்கள். அவருக்கு எந்த நிலையில் மூச்சு எளிதாக வருகிறதோ அதுவே சரி. கைக்குழந்தை குடித்தால் தாய்ப்பால் கொடுக்கலாம். திணறும்போது எதையும் வாயில் புகட்ட வேண்டாம்.

காட்டினோம், சாதாரணச் சளி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனால் தப்பாக நினைப்பார்களோ?

நினைத்தால் நினைக்கட்டும். காலையில் சாதாரணச் சளியாக இருந்தது மாலையில் நிமோனியாவாக மாறலாம், இரண்டு மதிப்பீடும் அந்தந்த நேரத்தில் சரியாகவே இருக்கும். முதல் முறை கிளம்பும்போதே "எதைப் பார்த்தால் திரும்ப வர வேண்டும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிமோனியாவுக்கு வாய்வழி மருந்து கொடுத்து அனுப்பியிருந்தால், தேறினாலும் இரண்டு மூன்று நாளில் மறுபடி காட்ட வேண்டும். வீட்டில் காலையும் மாலையும் மூச்சை எண்ணி நேரத்தோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். "குழந்தைக்கு ரொம்ப முடியவில்லை" என்று சொல்வதைவிட, "இரண்டு வயது, நேற்றிரவு நிமிடத்துக்கு 34, காலையில் 41, இப்போது 52" என்று சொல்லித் தாளை நீட்டுங்கள்.